கலப்பைக்கு முன்னால் ஒரு தடி

அண்ணையின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான். பெருவிரல், மோதிரவிரல், சின்னவிரல். இடையில் இருந்த இரண்டும் போய்விட்டன. சோறு பிசையும்போது பெருவிரல் அந்த வெளியைத் தாண்டிப் போய் மோதிரவிரலைத் தேடும். பார்க்கிறவர்கள் பொறுக்கமாட்டாமல் கேட்பார்கள்: "சண்டையிலை போனதோ, அண்ணை?" எங்கள் பக்கத்தில் கை கால் குறைந்தவரைக் கண்டால் முதலில் வருகிற கேள்வி அதுதான். அண்ணை, "இல்லை, செத்த பாம்பு கடிச்சது" என்பார். கேட்டவர் சிரிப்பார். அண்ணை சிரிக்கமாட்டார்.

அந்தக் கை என்ன கை என்று எனக்குத் தெரியும். நான் அவருக்கு அடுத்த பிள்ளை. எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் கோப்பாய், செம்மண் தோட்டம். இங்கே ஒருவரைப் பற்றிக் கதைக்கும்போது படிப்பை வைத்துத் தொடங்கமாட்டார்கள். "அவன் மண்வெட்டி பிடிச்சானெண்டால்" என்றுதான் தொடங்குவார்கள். அண்ணை மண்வெட்டி பிடித்தால் போகிற சைக்கிள் நிற்கும். கொத்து, புரட்டு, மண்வெட்டியின் புறத்தால் ஒரு தட்டு. கட்டி உடைந்து உதிரும். வேறு சொத்து அவருக்கு இல்லை. ஆட்கள் சொல்வார்கள், "ஆளுக்குக் காணி இல்லாட்டிலும் கையிலை காணி இருக்கு" என்று. அந்தக் கை போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் கூலிக்குப் போகவேண்டும். விரல் இல்லாதவனை யார் கூலிக்குக் கூப்பிடுவார்கள்?

என் வீட்டுக்காரர் உழவு இயந்திரக்காரர். ஊரில் சொல்வதென்றால் ரக்ரர்காரர். அவரும் அண்ணையும் ஒரே வாங்கில் இருந்து படித்து ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். கலியாணத்துக்கு முன்பே ஆளையாள் "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு நான் நடுவில் வந்து அதை உண்மையாக்கினேன். ஒருவர் கையால் கொத்துகிறவர், மற்றவர் இயந்திரத்தால் கொத்துகிறவர். சந்தித்தால் நக்கல் நிற்காது.

"மச்சான், நீ ஒரு பாத்தி கொத்தி முடிக்கிறதுக்கிடையிலை நான் உழுதுபோட்டு வீட்டை போய் நித்திரை கொண்டு எழும்பி வந்திடுவன்."

"நித்திரை கொண்டுதானே உழுறனி. அதுதான் நீ உழுத காணி கோணல்."

இப்படியே இருந்திருக்கலாம்.

எங்கள் வளவுக்குப் பின்னால், இரண்டு வேலி தாண்டி ஒரு காணி. சொந்தக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்க் கனகாலம். இருபது முப்பது மாரி அதில் யாரும் இரும்பு வைக்கவில்லை. புல்லும் நாயுண்ணிப் பற்றையும் இடுப்பளவுக்கு நின்றன. அண்ணை ரெலிபோனில் கதைத்து, "செய்து பாரும்" என்ற அனுமதியை வாங்கிவிட்டார். உருளைக்கிழங்கு போடுவது என்று முடிவு. விதைக்கிழங்கும் வந்துவிட்டது. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, அதைப் படங்குச் சாக்கில் பரப்பி முளைக்க வைத்திருந்தாள்.

காணியைப் பார்க்கப் போன அன்று அண்ணை ஓரிடத்தில் புல்லை விலக்கி ஒரு கொத்துக் கொத்தினார். புரட்டினால் மண் புட்டு மாதிரிக் கிடந்தது. நீத்துப்பெட்டியிலிருந்து கவிழ்த்த புட்டு எப்படித் தானாக உதிருமோ அப்படி. அதற்குள் நாக்கிளிப் புழுக்கள். மற்ற இடங்களில் மண்புழு என்பார்கள், எங்களுக்கு நாக்கிளி. ஒரு கொத்தில் கை நிறைய. ஒரு மட்டத்தேள், அதாவது பூரான், ஓடியது. கல்லுக்கு அடியில் ஒரு தேரை கண்ணை மூடிக்கொண்டு, கோடை முடியட்டும் என்று இருந்தது.

"பிள்ளை, இதைப் பார். இது காணியில்லை, கலியாண வீடு" என்றார் அண்ணை.

அவருடைய கொத்து ஒரு நாக்கிளியை இரண்டாக வெட்டியிருந்தது. "அது பரவாயில்லை, ஒண்டை வெட்டினால் ரெண்டாகும்" என்றார். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும். நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் இரண்டு துண்டையும் இரண்டு சிரட்டையில் மண் போட்டு வைத்துப் பார்த்தேன். தலைத்துண்டு சில வேளை தப்பும். வால்துண்டு கொஞ்சக் காலம் துடித்துக்கொண்டு கிடந்துவிட்டு அழுகி மணக்கும். துடிக்கிறதைப் பார்த்துத்தான் உயிர் இரண்டானது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அண்ணையிடம் சொன்னேன். "உனக்கு வேலை இல்லை" என்றார்.

கையால் கொத்துகிறது என்றால் அந்தப் புல்லுக்கும் வேருக்கும் ஒரு மாதம் வேண்டும். விதைக்கிழங்கு அதுவரை காத்திராது. அதனால் ரக்ரர். என் வீட்டுக்காரர், "மேலாலை ஒரு ஓட்டம் ஓடிவிடுறன், காணும்" என்றார். ஆழம் வேண்டும் என்று நின்றவர் அண்ணைதான்.

"அகல உழுகிறதிலும் ஆழ உழு. கேள்விப்படேல்லையோ? இறக்கி விடு, மச்சான், எவ்வளவுக்கு இறங்குமோ அவ்வளவுக்கு."

எனக்குப் பழமொழி என்றால் உயிர். யார் வாயில் புதிதாக ஒன்று விழுந்தாலும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: அந்தப் பழமொழியைச் சொன்ன மனுசன் இரண்டு மாட்டையும் ஒரு மரக்கலப்பையையும் பார்த்துச் சொன்னவர். மாடு களைக்கும். மரம் கல்லில் முட்டினால் நிற்கும். "ஆழ உழு" என்று அவர் சொன்னது அவ்வளவு ஆழந்தான். பின்னால் ரொட்டவேற்றர் பூட்டின ரக்ரருக்கு அதைச் சொன்னால் அது அப்படியே கீழ்ப்படிந்துவிடும்.

கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் மண் ஒதுங்கும். ஓடுகிறதுக்கு ஓட வழி இருக்கும். ரொட்டவேற்றர் அப்படியில்லை. சுழலுகிற உருளை, அதைச் சுற்றி வளைந்த கத்திகள். ரக்ரர் ஒரு அடி முன்னால் போவதற்கிடையில் அந்தக் கத்திகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிவிடும்.

நாள் பார்த்து, முதல் மழை விழுந்து மண் நனைந்த ஒரு காலையில் தொடங்கினார்கள். அண்ணை ரக்ரருக்குக் கற்பூரம் காட்டினார். முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். என் வீட்டுக்காரர் அதை நசித்துக்கொண்டு இறங்கினார். சத்தம் கேட்டதும் கொக்குகள் வந்துவிட்டன. வெள்ளை வெள்ளையாக, சொல்லியனுப்பினது போல. அவற்றுக்குப் பின்னால் காகங்கள்.

முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது. கத்திகளுக்குப் பின்னால் மண் கறுத்துச் சிவந்து பொங்கிக்கொண்டு விழுந்தது. அதில் முழு நாக்கிளி ஒன்றும் இல்லை, துண்டுகள். எல்லாத் துண்டும் துடித்தன. மேற்பரப்பு முழுக்க அசைந்தது. ஒரு மட்டத்தேளின் முன்பாதி தன்பாட்டில் நடந்து போனது, பின்பாதி வேறொரு திசையில் நடந்தது. தேரை ஒன்று கல்லிருந்த இடத்தில் கிழிந்து கிடந்தது, கால்கள் மட்டும் நீந்துவது போல உதைத்துக்கொண்டிருந்தன. கொக்குகள் கத்திக்கு ஒரு முழம் பின்னால் நடந்தன. பொறுக்கவில்லை, அள்ளின. ஒரு கொக்கின் கழுத்து வீங்கி, உள்ளே போனது இன்னும் நெளிவது வெளியே தெரிந்தது.

இரண்டாம் ஓட்டத்தில் ஒரு அகழான் கூடு திறந்தது. அகழான் என்றால் வயல்களில் குழி தோண்டுகிற பெரிய எலி. புல்லால் செய்த மெத்தைக்குள் குஞ்சுகள், மயிர் முளைக்காத ரோசாப்பூ நிறம். பாதியைக் கத்தி எடுத்தது, மீதியைக் காகம் எடுத்தது. தாய் ஓடவில்லை. நின்று காகத்தோடு சண்டை பிடித்தது. இரண்டு காகங்கள் இரண்டு பக்கமாக நின்று அதன் கண்ணையும் வாலையும் இழுத்தன. ரொட்டவேற்றரின் மூடித்தகட்டில் மண்ணோடு சேர்ந்து மயிரும் இரத்தமும் அப்பியிருந்தது.

நான் வேலிக்கரையில் நின்று, "இஞ்சருங்கோ, கொஞ்சம் மெல்லமாய்!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன? மெல்ல வெட்டினால் வெட்டாதோ?

அண்ணை எனக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் சந்தோசமாகத்தான் நின்றார், மண் உடைகிற விதத்தைப் பார்த்து. பிறகு, "மண்வெட்டியாலை நானும் வெட்டுறனான்தான். ஆனால் வெட்டினதை என்ரை கண் காணும்" என்றார்.

காணியின் பாதி முடிந்த நேரம். ரக்ரரின் சத்தம் மாறியது. எதையோ விழுங்கித் தொண்டையில் சிக்கியது போல. அவர் ரொட்டவேற்றரைத் தூக்கினார். உருளையில் கயிறு மாதிரி ஒன்று சுற்றி, சுற்றி, இழுபட்டு, பிய்ந்து தொங்கியது. கத்தியில் இருந்து ஒரு துண்டு பறந்து வந்து உழுத மண்ணில் விழுந்தது. ஒன்றரைச் சாண் நீளம். அகன்ற கழுத்து. கழுத்தில் படத்தின் அடையாளம்.

நாகம். அகழான் வளைக்குள் இருந்திருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்தினார். கொக்குகள்கூட எட்ட நின்றன. அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணில் இறங்கினார். கையைக் கூப்பினார். எங்கள் பகுதியில் வேறு பாம்பை அடித்தால் வேலியில் தூக்கிப் போடுவார்கள். நாகம் அப்படியில்லை. தெரியாமல் பட்டுச் செத்தாலும் பால் வார்த்து, வெள்ளைத் துணியில் சுற்றி, எரித்துவிட்டுத் தலை முழுகவேண்டும். இல்லாவிட்டால் அது குடும்பத்தைத் தொடரும் என்பார்கள். அண்ணையின் கடைசி மகளுக்குத் தோலில் ஒரு வருத்தம் இருந்தது. அவர் மனதில் அது ஓடியிருக்க வேண்டும்.

"பிள்ளை, வீட்டை ஓடிப் போய்ப் பால் கொண்டு வா."

"மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர் ரக்ரரில் இருந்தபடியே, "அதை மண்வெட்டியாலை ஒரு பக்கம் தள்ளிப்போட்டு வா. பாதிக் காணி கிடக்கு."

"சீ, வாயைக் கழுவு! மண்வெட்டியாலையோ நாகத்தைத் தொடுறது?"

"நான் ரொட்டவேற்றராலை தொட்டிட்டன். இனி என்ன மரியாதை?"

"நீ தெரியாமல் தொட்டனி. நான் தெரிஞ்சு தொடுறதோ?"

நான் செம்பில் பாலோடு திரும்பி வரும்போது அண்ணை தோளில் இருந்த வெள்ளைத் துவாயை மண்ணில் விரித்திருந்தார். குந்தியிருந்து, பூவை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் அந்தத் தலையை எடுத்தார். சுட்டுவிரலும் பெருவிரலும். தலை திரும்பியது. உடம்பு இல்லாத தலை, கழுத்தை வளைத்துத் திரும்பியது. நான் அதைக் கண்டேன். வாய் திறந்து சுட்டுவிரலின் நடுக்கணுவில் பொருத்தி மூடியது.

அண்ணை கத்தவில்லை. "ஐயோ, இதுக்கு உயிர் போகேல்லை" என்று மெதுவாக, மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பிறகுதான் கையை உதறினார். அது விழவில்லை. உதற உதற இறுக்கியது. வெட்டின பக்கத்தால் இரத்தம் தெறித்து அவர் முகத்தில் கோடு போட்டது. என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அண்ணையின் கையை உழுத மண்ணில் போட்டு, மணிக்கட்டில் முழங்காலால் ஊன்றி, ரக்ரர்ப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஸ்குறூ டிரைவரைத் தாடைக்குள் செருகி நெம்பினார். தாடை உடைகிற சத்தம் கேட்டது. பிரித்தெடுத்த தலையைச் சப்பாத்தால் மிதித்தார், மிதித்தார், அது மண்ணோடு மண்ணாகும்வரை மிதித்தார். பால் செம்பு எப்போது என் கையை விட்டுப் போனதோ தெரியாது. மண் பாலைக் குடித்துவிட்டது.

ஓட்டோ வருவதற்கிடையில் மச்சாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "பரிகாரியாரிட்டைக் கொண்டு போங்கோ! நாகம் தீண்டினதுக்கு ஊசி போட்டால் தெய்வக் குற்றம்! பரிகாரியாரிட்டை!" என்று, நாட்டு வைத்தியரை நினைத்து, ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணையின் கண் இமைகள் அதற்குள் தாழத் தொடங்கிவிட்டன. "எனக்கு ரெண்டு ரெண்டாய்த் தெரியுது" என்றார். என் வீட்டுக்காரர் மச்சாளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தார். அவர் பெண்களின் மேல் கை வைக்கிறவர் இல்லை.

"விடும் கையை! தாலியோடை நிண்டு என்னோடை சண்டை பிடிக்க விருப்பமெண்டால் இப்ப விடும்!"

விட்டாள். நிலத்தில் விழுந்து மண்ணை அள்ளி ரக்ரருக்கு எறிந்தாள். ஓட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது.

உயிர் தப்பிவிட்டது. மூச்சுக்கு இயந்திரம் வைத்து, மருந்தேற்றி, இழுத்து எடுத்தார்கள். வைத்தியர் இளம்பிள்ளை. "வெட்டின பாம்புத் தலை கனநேரத்துக்குக் கடிக்கும், ஐயா. அது யோசிச்சுக் கடிக்கிறதில்லை, தொட்டால் கடிக்கும். அதிலையும் உயிரோடை இருக்கிற பாம்பு சிலவேளை விசத்தை மிச்சம் பிடிக்கும். வெட்டுப்பட்டது எல்லாத்தையும் விடும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் பனையால் விழுந்து இடுப்பு உடைந்தவர் ஒருவர். கதையைக் கேட்டுவிட்டு, "செத்த பாம்பை அடிக்கிறவனைக் கண்டிருக்கிறன், செத்த பாம்பிட்டை அடி வாங்கினவனை இப்பதான் காணுறன்" என்றார். வார்டு சிரித்தது. அண்ணைக்குச் சிரிக்க வரவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தலையணை மாதிரி வீங்கியிருந்தது. சுட்டுவிரல் முதலில் ஊதாவாகி, பிறகு கறுத்தது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. நடுவிரலும் அதன் பின்னால் போனது. இரண்டையும் எடுக்கவேண்டும் என்றார்கள். அண்ணை ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, மிச்சத்தாலை மண்வெட்டி பிடிக்கலாமோ?"

வைத்தியர் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். "மெல்ல மெல்லப் பழகலாம்" என்றார். எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரிப் பதில் பழக்கம். இல்லை என்பதை நல்ல பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும்.

காணி பாதி உழுதபடியும் பாதி உழாதபடியும் கிடந்தது. மிச்சத்தை உழ மச்சாள் விடவில்லை. "அந்த இயந்திரம் இனி இதுக்குள்ளை இறங்கினால் நான் சில்லுக்குக் கீழை படுப்பன்" என்றாள். அந்தக் காலம் முழுக்க என் வீட்டுக்காரரோடு அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முளைத்த விதைக்கிழங்கை வைத்திருக்க முடியாது. நானும் அவளும் உழுத பாதியில் நட்டோம்.

நடும்போது மண் மாவாக இருந்தது. கோதம்பை மா மாதிரிக் காலுக்குக் கீழே மெத்தென்று போனது. நல்ல மண் என்று நினைத்தோம். பிறகு பெருமழை விழுந்தது. மாவில் தண்ணீர் விட்டால் என்னவாகும்? மேலே ஒரு ஓடு கட்டியது. தண்ணீர் கீழே இறங்காமல் பாத்தியில் நின்று சிவந்தது. வரம்புக்கு அந்தப் பக்கம், உழாத பாதியில், அதே மழை சொட்டுக்கூட நிற்காமல் இறங்கிப்போனது. இறங்க அங்கே வழி இருந்தது. நாக்கிளி போட்ட வழி. இந்தப் பக்கத்து வழிகாரர்களைத்தான் கொக்கு கொண்டு போய்விட்டதே. மச்சாளும் நானும் குந்தியிருந்து மேலே கட்டின அந்த ஓடு முழுவதையும் முள்ளுக் கொத்தியால் உடைத்து முளைகளுக்கு வாய் திறந்துவிட்டோம்.

கிழங்கு பிடிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தது மற்றது. செடி ஒன்று வாடும். இழுத்தால் கையோடு வரும். கீழே கிழங்கு இருக்கும், தோல் மட்டும். உள்ளே சிரட்டை மாதிரி வெறுமை. அகழான். உழாத பாதியில் இருந்து வரம்புக்குக் கீழால் வளை தோண்டிக்கொண்டு வந்தன. ஒன்று இரண்டு அல்ல. தின்ன ஆளில்லாமல் பெருகிவிட்டன.

மச்சாள் ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாம்பு செத்த காணியிலை அகழானுக்குக் கலியாணம்."

என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்தார். வளைகளுக்குள் தண்ணீர் அடித்து, வெளியே வருவதை அடிப்பது என்று ஏற்பாடு. அக்கம் பக்கத்தாரும் பொல்லுகளோடு வந்தார்கள். முதலாவது வளை நுரைத்து, நனைந்த ஒரு தலை வெளியே வந்ததும் தொடங்கியது. ஒருவர் அடித்தார், பிறகு எல்லாரும். அவை கீச்சிட்டுக்கொண்டு கால்களுக்கிடையில் ஓடின. ஒன்று ஒருவரின் காலைக் கடித்துத் தொங்கியது. அவர் அதைத் தன் காலோடு சேர்த்து அடித்தார். நானும் அடித்தேன். பொல்லின் கீழே முதுகெலும்பு முறிவது கையில் தெரியும், பச்சைத் தடி முறிகிற மாதிரி. கொக்குகள் வரவில்லை, இது அவற்றுக்குப் பெரிது; காகங்கள் வந்தன. வாய்க்கால் தண்ணீர் சிவந்தது. செம்மண் என்று நினைத்தால் செம்மண், இரத்தம் என்று நினைத்தால் இரத்தம்.

அண்ணை ஆஸ்பத்திரியால் வந்து கை ஆறிய புதிது. கிணற்றுக்கட்டில் இருந்து பார்த்தார். யாரோ அவர் கையிலும் ஒரு பொல்லைக் கொடுத்திருந்தார்கள், இடது கையில். அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வியர்வையோடு வந்து பக்கத்தில் இருந்ததும் சொன்னார்:

"ஒரு காவல்காரனைச் சாக்காட்டிப்போட்டு, ஊருக்கெல்லாம் பொல்லுக் குடுத்திருக்கிறம், மச்சான்."

என் வீட்டுக்காரர் எழும்பிப் போய்ப் பம்பை நிறுத்தினார்.

கிண்டின கிழங்கில் நல்லதைத் தெரிந்தெடுத்துப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோனோம். எல்லாமாக ஒரு சைக்கிள் கரியலுக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த மாரி கிட்ட வந்தபோது அண்ணை யாருக்கும் சொல்லாமல் மண்வெட்டியோடு அந்தக் காணிக்குப் போனார். விடிகிற வெள்ளாப்பில் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. அந்தப் பழைய மூன்று சத்தத்தில் ஒன்று குறைந்திருந்தது. நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். பெருவிரலாலும் கடைசி இரண்டு விரலாலும் பிடியைச் சுற்றிப் பிடித்து, இடது கையால் பாரம் தாங்கிக் கொத்தினார். இறங்கும்போது சரி. புரட்டும்போது பிடி கைக்குள் சுழன்றது. திரும்பவும் ஓங்கினார், இன்னும் பலமாக. இந்த முறை மண்வெட்டி அந்தரத்தில் திரும்பி, அலகு அவருடைய கால்பெருவிரலுக்கு மேலே இறங்கியது. வெள்ளையாக ஒன்று தெரிந்து, பிறகு சிவப்பு நிறைந்தது.

வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அவர் இரத்தத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார். எடுத்து மறுபடி எறிந்தார். அதன் பிடியைப் பூவரச மரத்தில் அடித்து முறித்தார். "நாயே! நாயே!" என்று. மண்வெட்டியைத் திட்டினாரோ, கையைத் திட்டினாரோ. சீலைத் தலைப்பால் காலை நான் சுற்றிக் கட்டியபோதுதான் அழுதார்.

"பிள்ளை, எனக்கு ரக்ரர் இல்லாமல் ஏலாது. அந்தச் சனியன் இல்லாமல் எனக்கு இனி ஏலாது."

பின்னேரம் நொண்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முறிந்த மண்வெட்டிப் பிடியை ஊன்றுகோலாகப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டார்.

"காணியை உழவேணும், மச்சான்."

"உன்ரை மனுசி சில்லுக்குக் கீழை படுப்பா."

"படுக்கமாட்டா. கதைச்சிட்டன். ஆனால் நான் சொல்லுற மாதிரி. இறக்கிற ஆழத்திலை பாதி. உழாமல் கிடந்த பாதியை இந்த முறையும் தொடாதை. மற்றது, நான் முன்னுக்கு நடப்பன். இந்தத் தடியாலை நிலத்திலை தட்டிக்கொண்டு. நான் நடக்கிற வேகத்திலை நீ வரவேணும்."

"நொண்டிக்கொண்டு நீ நடக்கிற வேகத்திலையோ? நான் என்ன உழவுக்கோ வாறன், தேர் இழுக்கவோ?"

"தேரெண்டே நினை. தேருக்கும் முன்னுக்கு ஆள் நடக்கும்."

மச்சாள் அன்று சில்லுக்குக் கீழே படுக்கவில்லை. வேலிக்கரையில் என்னோடு நின்றாள். கற்பூரமும் தேசிக்காயும் இல்லை. அண்ணை முன்னால் நடந்தார், இடது கையில் அந்தத் தடி. நிலத்தில் ஒரு குத்து, ஒரு எட்டு, ஒரு குத்து. ரக்ரர் பின்னால் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. றோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். "உவர் ஆரப்பா, அகழானுக்குக் கோயில் மணி அடிக்கிறார்?" என்று ஒருவர் கேட்டார். தேரைகள் இரண்டு தடிக்கு முன்னால் தத்திப் போயின. ஒரு மட்டத்தேள் வரம்புக்கு ஓடியது. நாக்கிளிக்குக் கால் இல்லை. அதற்குத் தடி என்ன செய்யும்? கத்திகளுக்குப் பின்னால் அவை துண்டுதுண்டாகத் துடித்தன. போன முறையைவிடக் குறைவு, ஆனால் துடித்தன. கொக்குகள் வழக்கம்போல நடந்தன.

காணியின் அதே நடுப்பகுதியில் அண்ணை நின்றார். வலது கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் பிரேக்கைப் போட்டு, ரொட்டவேற்றரைத் தூக்கி, இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். புல்லுக்குள் இருந்து ஒரு சாரை நீண்டு, நீண்டு, அண்ணையின் கட்டுப்போட்ட காலுக்கு முன்னால் குறுக்காகப் போனது. உழாத பாதியின் வரம்பில் ஏறி, வால் நுனியும் மறைந்தது. மச்சாள் என் கையைப் பிடித்து நகம் பதிய இறுக்கினாள்.

அண்ணை கையை இறக்கவில்லை. அந்த மூன்று விரல்களும் வெயிலில் நின்றன.

"மச்சான்," என்று கத்தினார் என் வீட்டுக்காரர் ரக்ரரிலிருந்து, "மற்றக் கையைத் தூக்கு! உதைக் காட்டினால் மூண்டாம் கியரிலை வரச் சொல்லுறாய் எண்டெல்லோ நான் நினைப்பன்!"

மச்சாள் மூச்சை நிறுத்தினாள். இப்படி ஒன்றை இந்த நேரத்தில் சொல்கிறாரே என்று நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது அண்ணை தடியை ஊன்றிக் குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் கேட்காத சத்தம் அது, அதனால் பிடிபடவில்லை.

"மூண்டாம் கியரிலை வந்தியெண்டால்," என்றார் சிரிப்புக்கு நடுவில், "உன்ரை ரெண்டு விரலை நான் கடிச்செடுப்பன். ஸ்ராட் பண்ணு, வா."

மறுபடி நடந்தார். குத்து, எட்டு, குத்து. எட்ட நின்ற கொக்குகள் இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் திரும்ப வந்து பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டன.